திட்டியவரையே வேலைக்கு வைத்த கார்

1950-களில் பிரிட்டனில் ஸ்டாண்டர்டு கம்பெனி டிரையம்ப் என்ற பெயரில் விற்ற ஸ்போர்ட்ஸ் காரான டிஆர்2-வைப் பற்றிப் பேச்செடுத்தால், பழைய கார் பிரியர்களில் யாராவது ஒருவர் "அதுவா, டிராக்டர் எஞ்சின் போட்ட வண்டி" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். சென்னையில் ஒரு பழைய கார் கண்காட்சியில் ஒரு பெரியவர் அப்படிச் சொல்லக் கேட்டதிலிருந்து எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியோடு இந்தக் காரின் கதையை மூடிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் இதைவிடப் பத்து மடங்கு கடுமையான ஒரு வசவை இந்தக் கார் வாங்கியிருக்கிறது. அது விற்பனைக்கு வருவதற்கு முன்பே, 1952-இன் கடைசியில், இங்கிலாந்தின் கோவென்ட்ரியில், அதைக் கட்டச்சொன்ன முதலாளியின் முகத்துக்கு நேராகவே. அந்த வசவு விழுந்திருக்காவிட்டால் டிஆர்2 என்று ஒரு கார் இருந்திருக்காது என்பது என் கட்சி. சொன்னவரின் துணிச்சலை எல்லோரும் மெச்சுகிறார்கள். எனக்குத் தீராமல் இருக்கும் கேள்வி வேறு: கேட்டவர் ஏன் கேட்டுக்கொண்டார்?

முதலில் டிராக்டர் விவகாரத்தை முடித்துவிடுகிறேன். ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரும்பாலும் ஒரே ஒரு நான்கு சிலிண்டர் எஞ்சினை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்தியது. அதே குடும்பத்து எஞ்சின் வேன்கார்டு காரிலும் ஓடியது, கோவென்ட்ரி பேனர் லேன் தொழிற்சாலையில் அவர்கள் தயாரித்த சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியது. இதன் சூட்சுமம் வெட் லைனர். சிலிண்டரை எஞ்சின் பிளாக்கிலேயே குடையாமல், தனிக் குழாயாகச் செய்து பிளாக்குக்குள் செருகிவிடுவார்கள். குளிர்விக்கும் தண்ணீர் நேராகக் குழாயின் வெளிப்புறத்தைத் தொட்டு ஓடும். தேய்ந்தால் குழாயை உருவிவிட்டுப் புதிதைப் போடலாம். இன்னொரு லாபம், குழாயின் உள்விட்டத்தை மாற்றினால் எஞ்சினின் அளவே மாறிவிடும். 92 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், அப்படியே இருக்க, 80 மில்லிமீட்டர் லைனர் போட்டால் டிராக்டருக்கான 1850 சிசி. 85 போட்டால் வேன்கார்டின் 2088 சிசி. 83 போட்டால் 1991 சிசி, அதாவது இரண்டு லிட்டர் பந்தயப் பிரிவுக்குள் நூலிழையில் நுழையும் அளவு. டிஆர்2 எடுத்துக்கொண்டது இதைத்தான். பிற்பாடு 86 மில்லிமீட்டராக்கி 2138 சிசி வரை கொண்டுபோனார்கள். கனமான வார்ப்பிரும்பு, கிராங்க் ஷாஃப்டுக்கு மூன்றே பேரிங், சீறிப் பாயும் சுபாவம் கிடையாது. ஆனால் குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை, அடித்தாலும் உதைத்தாலும் சாகாத உடம்பு. வேன்கார்டு நம் ஊருக்கும் அந்நியமில்லை. 1948-இல் சென்னையில் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் இங்கே அதைப் பொருத்தி விற்றது. ஆக, 1950-களில் மவுண்ட் ரோட்டில் ஓடிய வேன்கார்டுகளும் இந்த ஸ்போர்ட்ஸ் காரும் பங்காளிகள். விவசாயியிடம் உழைத்த எஞ்சின் என்பது எனக்கு வசவாகப் படவில்லை, நற்சான்றாகத்தான் படுகிறது.

சர் ஜான் பிளாக் வாங்கிய அடிகள்

ஸ்டாண்டர்டு கம்பெனியின் தலைவர் சர் ஜான் பிளாக் ஒரு குட்டி சர்வாதிகாரி. முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் அதிகாரியாக இருந்தவர். 1934-இல் நிர்வாக இயக்குநரானார். இரண்டாம் போரில் மாஸ்கிட்டோ விமானம் முதற்கொண்டு ராணுவத்துக்கு ஏகப்பட்டதைச் செய்து கொடுத்து, 1943-இல் சர் பட்டமும் வாங்கினார். பிடிக்காதவர்களை நின்ற இடத்திலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பெயர். இப்படிப்பட்டவருக்கு ஒரு தீராத ஏக்கம்: தன் பெயர் சொல்ல ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும்.

ஏக்கத்தின் வேர் வில்லியம் லயன்ஸ். பின்னாளில் ஜாகுவார் என்று பெயர் மாறிய எஸ்எஸ் கார்களுக்குப் போருக்கு முன்னால் எஞ்சினும் சேசிஸும் (காரைத் தாங்கும் அடிச்சட்டம்) ஸ்டாண்டர்டிலிருந்துதான் போயின. போர் முடியும் தறுவாயில் பிளாக், ஆறு சிலிண்டர் எஞ்சின் செய்யும் இயந்திரங்களையே லயன்ஸுக்கு விற்றுவிட்டார். லயன்ஸ் தாமதிக்காமல் லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனார். அப்புறம் பிளாக் மனம் மாறித் திருப்பிக் கேட்டபோது, முடியாது என்றார். தன்னிடம் சரக்கு வாங்கிக்கொண்டிருந்தவரே போட்டியாளர் ஆகிவிட்ட எரிச்சலில், 1944-இல் நொடித்துக் கிடந்த டிரையம்ப் கம்பெனியின் பெயரை பிளாக் விலைக்கு வாங்கினார். அதில் வந்த 1800 ரோட்ஸ்டர் அழகான வண்டி, ஓட்டத்தில் சோம்பேறி. 1948-இல் ஜாகுவார் எக்ஸ்கே120 வெளிவந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தபோது, ரோட்ஸ்டரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த அடி மோர்கனிடம். மால்வர்னில் இருந்த அந்தச் சிறிய குடும்பக் கம்பெனி, வேன்கார்டு எஞ்சினை வாங்கித் தன் பிளஸ் ஃபோர் காரில் போட்டுக்கொண்டிருந்தது. கம்பெனியையே கொடுத்துவிடுங்கள் என்று 1950 வாக்கில் பிளாக் கேட்டுப் பார்த்தார். எஞ்சின் மட்டும் போதும், மற்றது வேண்டாம் என்று மோர்கன்காரர்கள் மரியாதையாக மறுத்துவிட்டார்கள். அதே 1950-இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டிய டிஆர்எக்ஸ் என்ற மாதிரிக் காரில் விளக்கு மூடி, இருக்கை, கண்ணாடி எல்லாவற்றுக்கும் மின்சாரமும் ஹைட்ராலிக்கும். பார்க்க ஜோர், அதைத் தயாரித்து விற்பது கட்டுப்படியாகாது என்று கைவிட்டார்கள்.

அப்போது பிரிட்டனில் இரும்பு ரேஷன். ஏற்றுமதி செய்கிறவனுக்குத்தான் இரும்பு. அமெரிக்காவிலோ எம்ஜி கார்களை வாங்க இளைஞர்கள் கூட்டம். எம்ஜிக்கும் ஜாகுவாருக்கும் நடுவே விலையில் பெரிய இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு காரைச் செருக வேண்டும், வரிக்கு முன்னால் 500 பவுண்டுக்குச் சற்று முன்பின்னாக விலை இருக்க வேண்டும், கையில் இருக்கும் உதிரிபாகங்களை வைத்தே முடிக்க வேண்டும், செலவு ஆகக்கூடாது. இதுதான் பிளாக் இட்ட உத்தரவு. அப்படிப் பிறந்ததுதான் 20டிஎஸ். மிஞ்சிய காய்களை எல்லாம் போட்டு வைத்த கூட்டு மாதிரி ஒரு கார். சேசிஸ், போருக்கு முந்தைய ஸ்டாண்டர்டு ஃப்ளையிங் நைன் காருடையது. முன் சஸ்பென்ஷனும் பின் அச்சும் மேஃப்ளவர் என்ற சின்னக் குடும்பக் காரிலிருந்து. எஞ்சினும் கியர் பாக்ஸும் வேன்கார்டிலிருந்து. மூன்று கியரை நான்காக்கியிருந்தார்கள். வால்டர் பெல்குரோவ் இதற்கு ஓர் உடலை வரைந்தார். அச்சுகளுக்குச் செலவாகக்கூடாது என்பதால் எளிதில் வளையும் தகடுகள், பின்பக்கம் குட்டையாக உருண்டு, ஸ்டெப்னி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. சாமான் வைக்க இடமே இல்லை.

1952 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் இதை நிறுத்தினார்கள். வந்து வாய்த்த நேரத்தைப் பாருங்கள். அதே கூரையின் கீழ் டொனால்டு ஹீலி தன் ஹீலி 100-ஐக் கொண்டுவந்து வைத்திருந்தார். அதைப் பார்த்த ஆஸ்டின் முதலாளி லெனார்டு லார்டு, கண்காட்சி நடக்கும்போதே பேசி முடித்து, ஆஸ்டின்-ஹீலி ஆக்கிவிட்டார். கூட்டமெல்லாம் அந்தப் பக்கம். இந்த ஹீலி ஒருகாலத்தில் டிரையம்பிலேயே தொழில்நுட்பத் தலைமையில் இருந்தவர் என்பது பிளாக்கின் புண்ணில் இன்னும் கொஞ்சம் உப்பு.

அந்த ஒரு பேச்சு

கண்காட்சி முடிந்ததும், வெளி ஆள் ஒருவரைக் கூப்பிட்டு இதை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். கென் ரிச்சர்ட்சன். பிஆர்எம் பந்தயக் கார் திட்டத்தில் சோதனை ஓட்டுநராகவும் கைதேர்ந்த மெக்கானிக்காகவும் இருந்தவர். இவரைப் புரிந்துகொள்ள பிஆர்எம் என்றால் என்ன என்று கொஞ்சம் தெரிய வேண்டும். பதினாறு சிலிண்டர், ஒன்றரை லிட்டர், சூப்பர்சார்ஜர். பிரிட்டனின் மானத்தைக் காக்க வந்த கார் என்று பத்திரிகைகள் கொண்டாடின. 1950-இல் சில்வர்ஸ்டோனில் முதன்முதலாகப் பந்தயத்துக்கு வந்து, கொடி அசைந்ததும் நின்ற இடத்திலேயே டிரான்ஸ்மிஷன் உடைந்து நின்றது. அடுத்த ஆண்டு மொன்சாவில் ரிச்சர்ட்சனே பயிற்சி ஓட்டத்தில் ஓட்டித் தகுதியும் பெற்றார். அதற்குரிய லைசென்ஸ் இல்லை என்று பந்தயத்தில் விடவில்லை. சோதித்து முடிக்காத காரைத் தேசத்தின் பெருமை என்று முழங்கினால் என்ன ஆகும் என்பதை இவரைவிடக் கிட்ட இருந்து பார்த்தவர்கள் குறைவு.

அவர் 20டிஎஸ்ஸை ஓட்டிவிட்டு வந்தார். எப்படி என்று பிளாக் கேட்டார். பதிலின் சொற்கள் நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும், சாரம் மாறாது: நான் ஓட்டியதிலேயே மகா மோசமான வண்டி, இது ஆளைக் கொல்லும். இடையில் அச்சில் ஏற்ற முடியாத ஓர் ஆங்கில அடைமொழியும் உண்டு.

நான் வாகன உதிரிபாகச் சோதனைத் துறையில் இருப்பவன். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் நிறைய வயிற்றெரிச்சலும் வரும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு பிராக்கெட் சோதனையில் விரிசல் விட்டது. சோதித்த பையன் அறிக்கையில் "உடைந்தது" என்று எழுதினான். அவனுக்கு மேலே இருந்தவர் அதை "எதிர்பார்த்த ஆயுளை எட்டவில்லை" என்று திருத்தினார். அதற்கும் மேலே போனபோது "மேம்படுத்த வாய்ப்பு உள்ளது" ஆனது. கடைசியில் கூட்டத்தில் திரையில் ஒரு பச்சை வட்டம்தான் தெரிந்தது. யாரும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொருவரும் அரைச் சொல்லைத்தான் மழுப்பினார்கள். ஸ்டாண்டர்டு கம்பெனியின் உள்ளே இருந்த பொறியாளர்களுக்கு அந்தச் சேசிஸ் முறுகுவது தெரியாமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஃப்ளையிங் நைன் என்பது சாதுவான ஒரு குடும்பக் கார். அதன் சட்டத்தின்மேல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட சக்தியை ஏற்றினால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஆனால் பிளாக்கின் சம்பளம் வாங்குகிறவர்களில் அதை எவர் போய்ச் சொல்வது? ரிச்சர்ட்சன் வெளியாள். அவருக்கு அந்தக் கம்பெனியில் இழக்க ஒன்றும் இல்லை. அதனால் துணிச்சலுக்கு நான் முழு மதிப்பெண் போட மாட்டேன், பாதிதான்.

பிளாக் செய்ததுதான் எனக்குப் புதிராகவே இருக்கிறது. கத்தி வெளியே போகச் சொல்லியிருக்கலாம். அதுதான் அவர் வழக்கம். மாறாக, அப்படியானால் நீயே வந்து சரிசெய் என்று ரிச்சர்ட்சனை வேலைக்கு எடுத்துக்கொண்டார். லயன்ஸிடம் ஓர் அடி, மோர்கனிடம் ஓர் அடி, டிஆர்எக்ஸில் ஓர் அடி, ஏர்ல்ஸ் கோர்ட்டில் கண்முன்னே ஓர் அடி. இத்தனைக்குப் பிறகு அந்த மனிதரிடம் காக்க வேண்டிய வீம்பு மிச்சம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் அவர் காது திறந்திருந்தது. இதற்கு ஆவணச் சான்று எதுவும் என்னிடம் கிடையாது, என் ஊகம்தான்.

ஐந்து மாதம்

இந்தக் கதையில் எனக்கு ஒரு குறை உண்டு. திட்டினார், வேலைக்குச் சேர்ந்தார், கார் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். திட்டினால் சேசிஸ் விறைப்பாகாது. விறைப்பாக்கியவர்கள் ஹாரி வெப்ஸ்டர், ஜான் டர்ன்புல் முதலிய பொறியாளர்கள். பழைய சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெட்டி வடிவ உருக்குத் தண்டுகளும் நடுவே குறுக்குத் தாங்கல்களுமாகப் புதிய சேசிஸ் வரைந்தார்கள். ரிச்சர்ட்சன் ஓட்டுவார், ஏதாவது உடையும் அல்லது ஆடும், திரும்பி வருவார், இவர்கள் வலுப்படுத்துவார்கள், மறுபடி ஓட்டுவார். வேன்கார்டில் 68 குதிரைத்திறன் கொடுத்த எஞ்சினிலிருந்து, இரண்டு எஸ்யு கார்புரேட்டர், உயர்ந்த கம்ப்ரஷன், மாற்றிய கேம் எல்லாம் சேர்த்து 90 குதிரைத்திறனைக் கறந்தார்கள். பெல்குரோவ் பின்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு நீளமாக வரைந்தார். இப்போது ஒரு நிஜமான டிக்கி இருந்தது. ஸ்டெப்னி அதற்குக் கீழே தனி அறையில் படுத்துக்கொண்டது. 1953 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் டிஆர்2 நின்றது. ஏர்ல்ஸ் கோர்ட்டிலிருந்து எண்ணினால் ஐந்தே மாதம். இன்றைக்கு ஒரு கதவுக் கைப்பிடியின் வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கவே அவ்வளவு காலம் ஆகும்.

ஹாரி வெப்ஸ்டர் என்ற பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது, ஆனால் அவர் கைவேலை தெரியும். சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தெருத்தெருவாக ஓடியதே, பானெட்டை முன்பக்கமாக மொத்தமாகக் கவிழ்த்துத் திறக்கும் கார், அதன் பொறியியலும் அவர் தலைமையில் நடந்ததுதான். உருவம் இத்தாலியரான மிச்செலோட்டி வரைந்தது.

1953 மே 20-ஆம் தேதி ரிச்சர்ட்சன் பெல்ஜியத்தில் இருந்தார். ஆஸ்டெண்டுக்கும் கெண்ட்டுக்கும் இடையே ஜாபெக்கே என்ற ஊர்ப் பக்கம் நேரான, காலியான நெடுஞ்சாலை ஒன்று உண்டு. 1949-இல் ஜாகுவார் எக்ஸ்கே120 அங்கேதான் மணிக்கு 132 மைலைத் தாண்டிப் பெயர் வாங்கியது. பிளாக் அதை மறந்திருப்பாரா? 1953-இலேயே, சில வாரங்களுக்கு முன்னால், ஷீலா வான் டாம் அதே சாலையில் சன்பீம் ஆல்பைனை 120 மைல் வேகத்தில் ஓட்டியிருந்தார். டிஆர்2-வின் அடிப்பக்கத்தைத் தகட்டால் மூடி, முன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கையகலக் கண்ணாடி மாட்டி, பக்கத்து இருக்கையையும் மூடியிருந்தார்கள். ஆரம்பத்தில் ஒரு பிளக் வயர் கழன்று மூன்று சிலிண்டரில் ஓடியபோதே 100 மைலைத் தாண்டியது என்பார்கள். வயரை மாட்டியதும் மணிக்கு 124 மைல், கிலோமீட்டரில் 200-ஐ ஒட்டி. சாதாரணச் சாலை உடுப்பில் 114 சொச்சம். ஆளைக் கொல்லும் என்று சொன்ன வண்டியின் மறு அவதாரத்தில் அதே ஆள் உட்கார்ந்து 124 மைலில் போகிறார் என்றால், அதைவிடப் பெரிய சோதனை அறிக்கை வேறு என்ன வேண்டும்?

விலை வரிக்கு முன் 555 பவுண்டு. வாங்கிய காரை அப்படியே ஓட்டினால் 100 மைலைத் தாண்டும், அதோடு கேலனுக்கு 30 மைலுக்கு மேலும் கொடுக்கும். அந்த விலையில் அப்போது வேறு யாரும் இதைத் தரவில்லை. 1954 மார்ச்சில் பிரிட்டனின் ஆர்ஏசி ராலி என்ற கார் போட்டியில் முதலிடம், இரண்டாமிடம் இரண்டுமே டிஆர்2. கம்பெனி அனுப்பிய வண்டிகள்கூட இல்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் ஓட்டி வந்த வண்டிகள்.

குறைகள் இல்லாமலும் இல்லை. எனக்குப் பிடித்த குறை கதவு. பெல்குரோவ் வரைந்த கதவு அடிவரை நீளமானது, வண்டியோ தாழ்வானது. உயரமான பிளாட்பாரத்தை ஒட்டி நிறுத்தினால் கதவு இடித்துக்கொண்டு திறக்காது. ஜாபெக்கேவில் பிளாட்பாரம் ஏது? யாரும் கவனிக்கவில்லை. விற்ற பிறகு, வாங்கியவர்கள் கடைத்தெருவில் நிறுத்தியபோதுதான் தெரிந்தது. 1954 கடைசியில் கதவின் அடியை வெட்டிக் குட்டையாக்கினார்கள். பிரேக்கும் அப்படித்தான். டிரம் பிரேக் அந்த வேகத்துக்குப் போதவில்லை; பின்பக்க டிரம்களைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். 1955-இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் மாட்டிய வண்டிகளை அனுப்பினார்கள். பார்வையாளர்கள் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்தக் கோர ஆண்டில் மூன்று டிஆர்2-களும் 24 மணி நேரத்தை முடித்து 14, 15, 19-ஆம் இடங்களில் வந்தன. 1956-இல் டிஆர்2-க்கு அடுத்து வந்த டிஆர்3-இன் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் வழக்கமான பாகமாகவே வந்தது. பெரிய எண்ணிக்கையில் தயாரான பிரிட்டிஷ் கார்களில் அதுதான் முதல்.

பிளாக் அதைப் பதவியில் இருந்து பார்க்கவில்லை. 1953 நவம்பரில், டிஆர்2-வின் உறுப்புகளைக் கொண்டு வேறொரு கம்பெனி கட்டிய ஸ்வாலோ டொரெட்டி என்ற காரில் அவர் உட்கார்ந்து போகும்போது பேனர் லேன் வாசலருகே விபத்து, பலத்த காயம். ஓட்டிக்கொண்டிருந்தவர் கென் ரிச்சர்ட்சன். குணமாகித் திரும்பியதும் பிளாக் பழைய பிளாக் ஆகிவிட்டார். கம்பெனியின் தலைமைப் பொறியாளராகப் பல காலம் இருந்த டெட் கிரின்ஹாமை வீட்டுக்கு அனுப்பப் போவதாக அறிவித்தார். இந்தத் தடவை இயக்குநர்கள் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி அவர் வீட்டுக்கே போனார்கள், ராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சு செய்து கையோடு எடுத்துக்கொண்டு. 1954 ஜனவரியில், உடல்நலக் காரணம் என்று சொல்லி, பிளாக் விலகினார். அவர் உதவியாளராக இருந்த ஆலிக் டிக் அந்த நாற்காலிக்கு வந்தார். ரிச்சர்ட்சன் பந்தயப் பிரிவின் மேலாளராக ஏழெட்டு ஆண்டுகள் இருந்தார். 1961-இல் லேலண்டு கம்பெனி ஸ்டாண்டர்டு-டிரையம்பை வாங்கியபோது அந்தப் பிரிவையும் மூடி அவரையும் அனுப்பிவிட்டது. அதற்குள் டிஆர்3-இன் திருத்திய வடிவமான டிஆர்3ஏ மட்டும் ஐம்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் தயாராகி, பெரும்பாலும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருந்தது. கம்பெனியை விற்க மாட்டோம் என்ற மோர்கன்காரர்கள் மட்டும், 1960-களின் கடைசி வரை டிஆர் எஞ்சினைக் கேட்டு வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.